எல்லா முகங்களையும் பார்ப்பவர்கள்

பலோரின்யா அகதிக் குடியிருப்பு
2021 மார்ச் 1

லெமிக்கு,

உன் குரலை இனிக் கேட்க மாட்டேன் என்று ஆகஸ்டில் சொன்னேன். அதில் மாற்றமில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டேன். ஆனால் எழுத மாட்டேன் என்று நான் சொன்னதில்லை. இதை மோயோ பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். லரோப்பியில் ஆற்றைக் கடக்கும் படகு ஒழுங்காக ஓடினால் சீக்கிரம் கம்பாலா வந்துவிடும்.

இது அக்கா தம்பிக்கு எழுதுவது என்று நினைத்துக்கொள்ளாதே. காணாமல் போனவர்களைத் தேடும் தளத்தின் சர்வரைக் கட்டி மேய்க்கும் இன்ஜினீயருக்கு, குடியிருப்புப் பள்ளிக்கூடத்து டீச்சர் எழுதும் புகார்.

உங்கள் தளம் படுத்துவிட்டது. ரேடியோவில் அதைப் பற்றி அறிவிப்பு வர ஆரம்பித்ததிலிருந்து இதே கதைதான். சர்ச் முடிந்து வந்து போனைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் வெள்ளைப் பக்கத்தில் 503 என்று ஓர் எண் வருகிறது. பக்கத்து வீட்டு ரோடா, மீன் விற்கிறவள், "டீச்சர், இது என்ன, புது ரேஷன் நம்பரா?" என்று கேட்கிறாள். நீயே சொல்.

அந்தத் தளத்தில் என் போட்டோவும் இருக்கிறது. தொலைந்த பிள்ளைகளின் படத்தைப் போட்டால் கண்டவனும் வந்து என் பிள்ளை என்பான், அதனால் தேடுகிறவர்களின் முகத்தை மட்டும் போடுகிறீர்கள். நல்ல விதிதான். 'கிடென், ஊர் கஜோ-கேஜி, மகன் வானியைத் தேடுகிறாள்' என்று போட்டிருக்கிறது. எங்கேயோ ஒருவர் என் முகத்தைப் பார்த்து, இந்த ஜாடையில் ஒரு பையன் இங்கே திரிகிறானே என்று நினைக்க வேண்டும். சண்டைக்குப் பயந்து எல்லையைக் கடந்த அன்று, லாரியில் ஏற்றும் தள்ளுமுள்ளில் என் கையை விட்டுப் போனபோது அவனுக்கு மூன்று வயது. இப்போது ஏழு. என் முகம் யார் கண்ணிலாவது படுவதைத் தவிர எனக்கு வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

ஆகஸ்டில் நீ பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்து, "அவனுக்குக் கடைசி ஜெபம் பண்ணிடலாம்க்கா, மனசு ஆறும்" என்றாய். மனசு ஆறவில்லை. சர்வரைச் சரிசெய்.

கிடென்


கம்பாலா
2021 மார்ச் 4

அன்புள்ள அக்கா,

புகார் கிடைத்தது. திட்டுவதற்காகவாவது எழுதினாயே, அதுவே போதும். உன் கையெழுத்தைப் பார்த்ததும் ஆபீசில் எழுந்து நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்யும் நகன்வாகி, "என்ன, கோர்ட் நோட்டீஸா?" என்றாள். "அதைவிடப் பெரிசு, எங்க அக்கா" என்றேன்.

நடந்தது இதுதான். உங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஜன்னலை நினைத்துக்கொள். ஜன்னலில் சில பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் உன் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய் மருந்தைத் தேடி எடுத்து வர வேண்டும். உள்ளே தேடுவது மெதுவானால் ஜன்னலில் இருக்கிற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கு 'இப்போது முடியாது' என்று சொல்லும் எண்தான் 503. நான் அவசரப்பட்டு ஜன்னலில் ஆட்களைக் கூட்டினேன். அது இன்னும் மோசமாகிவிட்டது. மெமரி தீர்ந்து போய், கணினி தான் பிழைத்தால் போதும் என்று டேட்டாபேஸையே, அதாவது மருந்து அறையையே, நிறுத்திவிட்டது.

பிறகு லாகைத் திறந்து உட்கார்ந்தேன். யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று சர்வர் வரி வரியாக எழுதி வைக்கும் இடம் அது. திருடன் அங்கே அகப்பட்டான். ஒரே ஐபி முகவரி, நெட்டில் ஒரே கதவு எண் மாதிரி, முதல் பக்கம், இரண்டாம் பக்கம் என்று கடைசி வரை ஒன்றுவிடாமல் மூச்சு விடாமல் கேட்கிறது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. மனிதர் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். முகங்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போகும் இயந்திரம் அது. அந்த முகவரிக்குக் கதவைச் சாத்திவிட்டேன். சர்வர் மேல் இருந்த லோட் சட்டென்று இறங்கிவிட்டது. இப்போது தளம் பறக்கிறது, திறந்து பார்.

வானியைப் பற்றி நான் சொன்னது உன் நல்லதுக்குத்தான் அக்கா. நீ சாப்பிடாமல் கிடந்ததைப் பார்க்க முடியாமல்தான் சொன்னேன். சரி, விடு.

லெமி


பலோரின்யா
2021 மார்ச் 8

மேதாவி இன்ஜினீயருக்கு,

தளம் உலகத்துக்கெல்லாம் பறக்கிறது போலிருக்கிறது. எங்களுக்கு மட்டும் 'அனுமதி இல்லை' என்று வருகிறது.

அந்தத் திருட்டு இயந்திரம் நாங்கள்தானடா.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வைஃபை பெட்டி கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்து வீடுகளின் போன்கள் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. வெளியிலிருந்து பார்க்கிற உனக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகவரியாகத் தெரிந்திருப்போம். நெட் மெதுவாக வருவதால் ஒருத்தி ஒரு பக்கத்தைப் பார்க்கும்போதே அடுத்தவள் தன் போனில் அடுத்த பக்கத்தைத் திறந்து வைத்துவிடுவாள். மூச்சு விடாமல் கேட்கிறது என்று எழுதியிருந்தாயே, அது இதுதான். மூச்சு நன்றாகவே விடுகிறோம், பேச்சும் குறைவில்லை. போன வாரம் நடந்ததைக் கேள்.

"அடுத்தது."

"இரு, இரு. இந்தப் பொம்பளைய எங்கயோ பாத்திருக்கேன். லிவோலோ சந்தையில வெங்காயம் விப்பா இல்ல?"

"அது இவ தங்கச்சிடி. இவளுக்குக் கொஞ்சம் சப்பை மூக்கு."

"யாரைத் தேடுறா?"

"புருஷனையும் ரெண்டு பிள்ளைங்களையும்."

"ஐயோ பாவம். தங்கச்சி இருக்கிற இடம் நமக்குத் தெரியும்னு சர்ச்சுல சொல்லி அனுப்புவோம். ம், அடுத்தது."

எந்த முகத்தையும் தாண்டிப் போவதில்லை. தன் வீட்டு ஆளை மட்டும் தேடிவிட்டு எழுந்து போகிறவளை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். நான் ஒரு முகத்தைத் தாண்டினால், எங்கேயோ ஒருத்தி என் முகத்தைத் தாண்டிவிடுவாள். இப்படித்தான் எங்களுக்குத் தோன்றுகிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பார்ப்பது, அதற்குள் புது முகங்கள் வந்திருக்கும் என்பதால்.

இன்னொன்று. முகப்பில் பெயர் போட்டுத் தேடும் பெட்டியை இவ்வளவு பெரிதாக வைத்திருப்பது யாருடைய யோசனை? நீயும் எங்கள் ஆள்தானே, கம்பாலா காற்று பட்டதும் மறந்து போச்சா? நம்மில் பிறந்த வரிசைக்குத்தான் பெயர். மூன்றாவது மகன் என்றால் வானி, முதல் இரண்டும் தங்காமல் போன எனக்கும் அவன் வானிதான். அந்தப் பெட்டியில் வானி என்று போட்டால் பாரி மொழி பேசுகிற பாதிக் குடும்பங்கள் வந்து வரிசையில் நிற்கும். ரோடா போட்டுப் பார்த்தாள். போன் அப்படியே உறைந்து போனது.

கதவைத் திற.

கிடென்


கம்பாலா
2021 மார்ச் 15

அக்கா,

கதவைத் திறந்துவிட்டேன். கடிதம் வந்த அன்றே, நின்றபடியே திறந்தேன்.

நீ எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய லாகை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதே வரிகள்தான். முதலில் பார்த்தபோது அதில் எனக்கு ஒரு திருடன் தெரிந்தான். இப்போது ஒரு வரி முடிந்து அடுத்த வரி வருவதற்குள் ஒருத்தி "இரு, இரு" என்று சொல்லியிருக்கிறாள் என்பது கேட்கிறது. இத்தனை வருடம் இந்த வேலை பார்க்கிறேன், லாகைப் படித்து எனக்குக் கண் கலங்கியது இதுதான் முதல் முறை. நகன்வாகியிடம் சொன்னேன். அவள் தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மற்ற முகவரிகளையும் பார்க்கலாம் என்றாள்.

பார்த்தோம். நீங்கள் மட்டும் இல்லை. எந்தெந்தக் குடியிருப்பிலிருந்தோ, எல்லோரும் முதலிலிருந்து கடைசி வரை போகிறார்கள். "யாருப்பா இவங்க? சினிமாவைக்கூட இப்படி முழுசா யாரும் பாக்குறதில்லையே" என்றாள் நகன்வாகி. திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் யாரோ முன்பின் தெரியாதவரின் முகத்தைப் பார்த்து முடித்த நேரம்.

அதற்கப்புறம்தான் உருப்படியாக வேலை செய்தோம். பெயர்த் தேடல்தான் டேட்டாபேஸை முறித்துக்கொண்டிருந்தது. வானி என்று ஒருவர் போட்டால் அத்தனை வானிகளையும் அவர்களைத் தேடுகிறவர்களின் பெரிய பெரிய போட்டோக்களோடு இழுத்துவந்து கொட்டியது. அந்தப் பெட்டியை மூலையில் தள்ளிவிட்டு, ஊர்ப் பெயரை வைத்துப் பார்க்கும்படி மாற்றினோம். போட்டோக்களைச் சின்னதாக்கினோம். கேட்கும்போதெல்லாம் புதிதாகச் சமைக்காமல், ஒருமுறை செய்த பக்கத்தை எடுத்து வைத்திருந்து வருகிறவர்களுக்கெல்லாம் அதையே கொடுக்கும்படி செய்தோம். நேற்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து எல்லோரும் வந்தார்கள். சர்வர் அசையவில்லை.

நீங்கள் பார்க்கலாம். எத்தனை தடவை வேண்டுமானாலும் பாருங்கள்.

லெமி


கம்பாலா
2021 மார்ச் 25

அக்கா,

உன்னிடமிருந்து பதில் இல்லை. பரவாயில்லை. இதை எழுதலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து எழுதுகிறேன்.

லோட் குறைந்தபின் மிச்சமிருக்கும் சின்னச் சின்னக் கோளாறுகளைத் தேடிக்கொண்டிருந்தேன். லாகில் ஒன்று விநோதமாக இருந்தது. ஒரு போன் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பத் திறக்கிறது. ஆரம்பத்தில் அதுவும் எல்லோரையும்போல முதலிலிருந்து முகம் முகமாக வந்திருக்கிறது. ஒரு முகத்தில் வந்ததும் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அடுத்த பக்கம் போகவே இல்லை. தினமும் அந்த ஒரு முகம்தான்.

அது உன் முகம்.

போன் பழுதாகி, மாட்டிக்கொண்டு தானாகக் கேட்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. பெரிய படத்தைக் கேட்கிறது. பிறகு செய்தி அனுப்பும் படிவத்தைத் திறக்கிறது. அனுப்பாமலே மூடிவிடுகிறது. மறுநாளும் அப்படியே. சர்வர்தான் அந்தச் செய்தியை விழுங்குகிறதோ என்று படிவத்தைப் பிரித்து மேய்ந்தேன். என் போனிலிருந்து அனுப்பினேன், நகன்வாகி போனிலிருந்தும் அனுப்பினோம், ஓட்டைப் பழைய போன் ஒன்றை வாங்கி அதிலிருந்தும் அனுப்பிப் பார்த்தோம். எல்லாம் போய்ச் சேர்ந்தது. சர்வரில் பிழை எதுவும் இல்லை அக்கா. அனுப்பும் இடத்தில் விரல்தான் நின்றுபோகிறது.

யார், எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக்கூடாது. இதைச் சொன்னதே தப்பு. ஆனால் உன்னிடம் மறைத்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியாது. நான் என்ன செய்யட்டும்?

லெமி


பலோரின்யா
2021 மார்ச் 29

லெமி,

ஒன்றும் செய்யாதே. முதலில் அதைக் கேள். அந்தப் போனைத் தொடாதே, துரத்தாதே, யார் என்று தேடாதே. பயந்து மூடிவிட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று தெரியவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

அது ஒரு பெண். சும்மா ஜாடை தெரிந்தவள் என்றால் அன்றைக்கே செய்தி அனுப்பிவிட்டு அடுத்த முகத்துக்குப் போயிருப்பாள். அனுப்ப முடியாமல் தினமும் வந்து பார்க்கிறவள் யாராக இருப்பாள்? அவனுக்குச் சோறு ஊட்டுகிறவள். காய்ச்சலில் அவனைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவள். முதல் நாள் முழுக்க எனக்கு அவள்மேல் ஆத்திரம். அவள் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடம் என் பிள்ளையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்த பிறகும் வாயைத் திறக்காமல் இருக்கிறாளே.

ரோடாதான் என் வாயை அடைத்தாள். "டீச்சர், அவ பாக்காமலே இருந்திருக்கலாம் இல்ல? ரேடியோவை அணைச்சுட்டுப் போயிருக்கலாம். எதுக்கு ஒவ்வொரு முகமா வந்தா?"

அதற்குப் பிறகு எனக்குக் கோபம் வரவில்லை. மலைப்பாக இருக்கிறது. நம்பிக்கையோடு ஒவ்வொரு முகமாகப் பார்ப்பது எனக்குத் தெரியும். அவனைப் பெற்றவள் இதில் இருந்துவிடக்கூடாதே என்று நடுங்கிக்கொண்டு, அப்படியும் ஒன்றைக்கூட விடாமல் பார்க்க எனக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

லெமி, அந்தப் போட்டோவில் நான் எப்படி இருக்கிறேன் என்று போய்ப் பார். பதிவு செய்த அன்று எடுத்தது. முறைத்துக்கொண்டு நிற்கிறேன். அந்த மூஞ்சியிடம் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? இதோடு வேறொரு படம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் என்மேல் ஏறி விழும்போது ரோடா எடுத்தது. பல்லெல்லாம் தெரிகிறது, பரவாயில்லை. அதைப் போடு. அதன் கீழே இதை எழுது: 'அவனை வளர்த்தவளுக்கு. நீயும் அவனோடு வா. உனக்கும் இங்கே இடம் இருக்கிறது.'

சீக்கிரம்.

அக்கா


கம்பாலா
2021 ஏப்ரல் 7

அக்கா,

படத்தை மாற்றிவிட்டேன். நகன்வாகி நீ எழுதியதைத் தட்டச்சு செய்தாள். இடையில் எழுந்து வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்துதான் முடித்தாள்.

ஆனால் நடுவில் என் உயிர் போய் வந்தது. மறுநாள் அந்தப் போன் வந்தது. லாகைப் பார்த்தால் அதற்குப் போனது உன் பழைய படம். எடுத்து வைத்த பக்கங்களைக் கொடுக்கும்படி நான்தானே செய்திருந்தேன்? அந்தச் சாமர்த்தியம்தான் முறைக்கிற படத்தையே எடுத்து நீட்டியிருக்கிறது. எடுத்து வைத்ததை அழித்தேன். அடுத்த நாளும் வந்தது. புதுப் படத்தை அது கேட்கவே இல்லை. அந்தப் போனுக்குள்ளேயே பழைய படம் தங்கிவிட்டது, இத்தனை நாள் பார்த்த படம் அல்லவா. அங்கே போய் என்னால் அழிக்க முடியாது. நகன்வாகிதான், "படத்தோட பேரை மாத்திடு. புதுசுன்னு நினைச்சு அதுவே வந்து கேக்கும்" என்றாள். மாற்றினேன்.

அதற்கடுத்த நாள் வரவில்லை. அன்றைக்கு நான் எதையும் சரியாகச் செய்யவில்லை.

நேற்று வந்தது, அக்கா. புதுப் படம் போனது. முழுசாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு ரொம்ப நேரம் அந்தப் போனிலிருந்து ஒரு வரியும் இல்லை. நானும் நகன்வாகியும் திரைமுன் பிரார்த்தனையில் நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். படிவம் திறந்தது.

அனுப்பப்பட்டது. அந்த வரியின் கடைசியில் 200 என்று இருக்கிறது. எங்கள் தொழிலில் அதற்குச் 'சரி' என்று அர்த்தம். செய்தியில் என்ன இருக்கிறது என்று நான் படிக்க முடியாது, அது விசாரிக்கும் அதிகாரிகளுக்குப் போகும். அவர்கள் உன்னைத் தேடி வருவார்கள். ரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், பொறுமையாக இரு.

கடைசி ஜெபம் என்று நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.

லெமி


பலோரின்யா
2021 மே 17

தம்பி,

வந்துவிட்டார்கள். அதிகாரிகளின் வண்டியில், மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு.

அவள் பெயர் ஜோகுடு. யேய் ஊர்ப் பக்கத்துக்காரி, அந்த லாரி போய்ச் சேர்ந்த இம்வேபி குடியிருப்பில் இருந்திருக்கிறாள். என்னைவிடச் சின்னவள். அன்றைக்கு லாரியில் அழுதுகொண்டிருந்தவனை யார் பிள்ளை என்று கேட்டுக் கேட்டுப் பார்த்திருக்கிறாள், யாரும் பதில் சொல்லவில்லை. இறங்கும்போது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிவிட்டானாம். அவள்தான் முதலில் பேச ஆரம்பித்தாள்.

"உன் பழைய படம் எனக்குப் பயமா இருந்துச்சு. இவகிட்ட எப்படி விடுறதுன்னு மூடிருவேன். ஆனா அந்தக் கண்ணு. அவனுக்குக் கோபம் வந்தா இதே கண்ணுதான். மறுபடியும் திறப்பேன். ஒருநாள் திறந்தா சிரிக்கிற புதுப் படம். அவன் பின்னாலிருந்து எட்டிப் பாத்து, 'இது யாரும்மா, இப்படிச் சிரிக்கிறாங்க'ன்னு கேட்டான். அதுக்கு மேல என்னால மூட முடியல."

அவளை என்னோடு இருக்கச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் ஒரு குடிசை போட இடம் கேட்டிருக்கிறேன். ஊர் என்ன பேசும் என்று ரோடா ஆரம்பித்தாள். பேசட்டும்.

உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், லெமி. அவன் என்னிடம் வரவில்லை. ஜோகுடுவின் பாவாடைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். நான் நீட்டிய மண்டாசிப் பணியாரத்தை அவள் கையால் வாங்கித்தான் தின்றான். வீட்டுக்குப் பின்னால் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் மடியில் தூங்கிப்போயிருந்தான். பயணக் களைப்பு. கால் நீளமாகிவிட்டது, மடியில் அடங்கவில்லை. ஜோகுடு பாயில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டாள். அவன் கால் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மூக்கடைத்திருக்கிறது போல, மூச்சு விடும்போது சத்தம் வருகிறது. கிட்டத்தில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கிடென்